ஆதியாகமத்தின் மேல் போட்ட பழி

இரண்டே வரியில் அடங்கிவிடும் ஒரு கதை நம்மிடையே நெடுநாளாகச் செலாவணியில் இருக்கிறது. கிறிஸ்தவம் மனிதனைப் படைப்பின் உச்சியில் அரியணை போட்டு உட்கார வைத்தது. டார்வின் வந்து அவனை இறக்கிக் குரங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இலங்கையில் இந்தக் கதைக்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. நம்முடைய மதங்கள் என்றைக்கும் இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தவை, காட்டை வெட்டவும் யானையைச் சுடவும் கற்றுத் தந்தது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேதம்தான் என்பது அந்த வால். சுற்றாடல் தினப் பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் இதை ஒப்பிக்கிறார்கள். படித்தவர்கள் கட்டுரையாக எழுதுகிறார்கள். தேவாலயத்துக்குள்ளேயும் ஒரு கூட்டம் இதே கதையை மறுமுனையில் நின்று சொல்கிறது: ஆம், எங்கள் வேதம் மனிதனை அரசனாக்கியது, விஞ்ஞானம் அவனைக் குரங்காக்கப் பார்க்கிறது, ஆகவே விஞ்ஞானத்தை நம்பாதே. சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு இரு தரப்பும் ஒரே வாய்பாட்டைச் சொல்கின்றன. கைதட்டும் இடம்தான் வேறு.

அந்த வாய்பாடு வேதத்தைப் பற்றியும் பிழை, விஞ்ஞானத்தைப் பற்றியும் பிழை, இந்தத் தீவில் நடந்ததைப் பற்றியும் பிழை. அதைக் காட்டத் தம்புள்ளையை விட வசதியான இடம் கிடைக்காது. இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாகக் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய பாறை. அந்தப் பாறையின் குகையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக வழிபாடு. அடிவாரத்தில் இரவெல்லாம் லொறிகள் வந்து போகும் மரக்கறிச் சந்தை. சந்தையைத் தாண்டினால் யானை நடமாடும் காடு. மனிதனுக்கு இயற்கையில் என்ன இடம் என்ற கேள்வி இங்கே புத்தகத்தில் இல்லை, வீதியில் கிடக்கிறது.

முதலில் குரங்கைப் பார்ப்போம். குகை விகாரைக்கு ஏறும் படியில், பூசைக்குத் தாமரை ஏந்திப் போகிறவரின் கையை எட்டிப் பறிக்கும் அந்தச் செம்பழுப்புக் குரங்கைக் கண்டவர்களுக்குத் தெரியும். பறித்த பூவை மடியில் வைத்து இதழ்களைப் பிய்த்து எறியும். நடுவிலுள்ள பொகுட்டை மட்டும் கடித்துக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். உச்சியிலிருந்து சுற்றிலும் விரிந்து விழும் அதன் தலைமயிர் யாரோ தொப்பி வைத்து விட்டாற்போல் இருக்கும். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத இனம். பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் இதே இனக் கூட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். அவர் கண்டவற்றில் ஒன்று நம் வாதத்துக்கு நேராக உதவும். இந்தக் குரங்குக் கூட்டத்தில் தாயின் அந்தஸ்து மகளுக்குப் போகிறது. மேல்நிலைக் குரங்கு, கீழ்நிலைக் குட்டியின் கன்னப்பையில் இருக்கும் உணவைக்கூடப் பிடுங்கும். வறட்சி வந்தால் முதலில் சாவது கீழ்நிலைக் குட்டிகள். ஆக, மனிதனைக் குரங்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அரியணை மறைந்துவிடும் என்பவர்கள் குரங்குக் கூட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அரியணை அங்கேயும் இருக்கிறது.

இந்தக் குரங்கை நாம் அண்மையில் என்ன செய்தோம்? 2023ல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று விவசாய அமைச்சர் பேசினார். விடயம் நீதிமன்றம் போய், அனுப்பமாட்டோம் என்று அரசு சொல்லும்படி ஆனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். (1873ல் கிறிஸ்தவப் போதகரும் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கடவுள், ஆத்துமா, மேருமலை என்று இரண்டு நாள் வாதாடியதும் அதே பாணந்துறையில்தான். அன்று குரங்கை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.) மின்சாரம் போனதற்கு அடுத்த மாதம் 15ஆம் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம், அவரவர் வளவில் தெரியும் குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணிச் சொல்லும்படி நாடே கேட்கப்பட்டது. இந்த மூன்று நிகழ்ச்சியிலும் ஒருவரும் ஆதியாகமத்தை மேற்கோள் காட்டவில்லை. டார்வினின் பெயரைச் சொல்லித் தடுத்தவரும் இல்லை. பயிரின் விலை பேசியது, டொலர் பேசியது, மின்மாற்றி பேசியது.

இனி வாய்பாட்டின் பிறப்புக்கு வருவோம். அதற்குத் திகதி உண்டு. 1967 மார்ச்சில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் லின் வைட் என்ற மத்தியகால வரலாற்றாசிரியர் சிறிய கட்டுரை ஒன்று எழுதினார். மேலைக் கிறிஸ்தவத்தைப் போல மனிதனை நடுவில் வைத்த மதம் வேறில்லை, சூழல் நெருக்கடியின் வேர் அங்கேதான் ஓடுகிறது என்பது அவருடைய வாதம். அதற்குப் பிறகு இந்தப் பொருளில் எழுதியவர்கள் பலரும் அந்தக் கட்டுரையிடம் கடன் வாங்கியவர்கள்தான். ஆனால் வாங்கியவர்கள் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு வாங்கினார்கள். வைட் தாமே திருச்சபை சார்ந்தவர். நோய் மதத்தில் என்றால் மருந்தும் அங்கேதான் தேடவேண்டும் என்று சொல்லி, அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளரின் பாதுகாவலராக முன்மொழிந்து முடித்தார். 1979ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதை அப்படியே செய்தார்.

வைட் சுட்டிய வாக்கியம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மீனையும் பறவையையும் நிலத்தில் நடமாடும் யாவற்றையும் ஆளும்படி மனிதனுக்குச் சொல்லப்படுகிறது. அதை மறைக்கத் தேவையில்லை, மழுப்பவும் தேவையில்லை. சுற்றியுள்ளதை வாசித்தால் போதும். அந்த அதிகாரத்தில் மனிதனுக்கென்று தனி நாள் கிடையாது. ஆடுமாடும் ஊர்வனவும் காட்டு விலங்கும் உண்டான அதே ஆறாம் நாளில், அவற்றுக்குப் பின்னால், அவனும் வருகிறான். பெருகும்படியான ஆசீர்வாதம் அவனுக்கு முன்பே, ஐந்தாம் நாளில், மீனுக்கும் பறவைக்கும் கிடைத்துவிட்டது. மனிதன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கடவுள் தம் வேலையை நல்லது என்று பலமுறை கண்டாயிற்று. இன்னும் முக்கியமானது, ஆளுகைக்கு அடுத்து வரும் சாப்பாட்டுப் பங்கீடு. மனிதனுக்கு விதையும் கனியும், விலங்குக்குப் பச்சிலை. இறைச்சி என்ற பேச்சே இல்லை. கொன்று தின்ன அனுமதி கிடைப்பது ஒன்பதாம் அதிகாரத்தில், வெள்ளம் வடிந்து, உலகம் ஒருமுறை கெட்டுப்போன பிறகு. அங்கேயும் உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்படவில்லை. பேழையிலிருந்து இறங்கிய ஒவ்வொரு உயிரோடும் செய்யப்படுகிறது. கொல்லவும் உரிமை இல்லாத ஓர் ஆளுகையை, கொள்ளைக்கான உரிமைப் பத்திரம் என்று வாசிப்பதற்கு வாசிப்பு என்று பெயரில்லை.

இரண்டாம் அதிகாரம் இன்னும் கீழே இறக்குகிறது. மண்ணிலிருந்து மனிதன், அதே மண்ணிலிருந்து விலங்கும் பறவையும். அவனுக்குக் கிடைக்கும் உத்தியோகம் தோட்டத்தைப் பண்படுத்திக் காவல் காப்பது. பிற்பாடு வந்த சட்டங்கள் இந்தக் காவலைச் சில்லறைக் காரியங்களாக மாற்றிக் கொடுத்தன. ஏழாம் நாள் ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. நகரத்தை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தில் கோடரி வைக்கக்கூடாது. கூட்டில் குஞ்சை எடுத்தால் தாய்ப்பறவையைப் பறக்கவிட வேண்டும்.

யோபுவின் கடைசி அதிகாரங்களைப் போல மனிதத் தற்பெருமையை உரித்த எழுத்து உலக இலக்கியத்திலேயே குறைவு. துன்பத்தில் நியாயம் கேட்ட மனிதனுக்குக் கடவுள் தருவது ஒரு விலங்கியல் பாடம். ஆள் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழை, நகரத்தைக் கண்டு நகைக்கும் காட்டுக்கழுதை, முட்டையை மறந்துபோகும் தீக்கோழி, யாராலும் மூக்கணாங்கயிறு போடமுடியாத பெருவிலங்கு. அது யானையா நீர்யானையா என்று உரைகாரர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். அந்தப் பட்டியலில் மனிதனுக்குப் பயன்படும் விலங்கு போர்க்குதிரை ஒன்றுதான். நூற்று நான்காம் சங்கீதம் நேரத்தையே பிரித்து வைக்கிறது: இருட்டியதும் காட்டு விலங்குகள் வெளியே வரும் நேரம், விடிந்ததும் அவை குகைக்குப் போக, மனிதன் வேலைக்குப் போய் அந்தியில் திரும்பும் நேரம். இரவில் யானைக்குப் பயந்து சேனைக் காவலில் விழித்திருக்கும் தம்புள்ளைக் கமக்காரனுக்கு இந்தப் பங்கீட்டின் பொருள் போதகரை விட நன்றாகத் தெரியும்.

எழுத்தில் ஆயிரம் இருக்கலாம், கிறிஸ்தவர்கள் செய்தது என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரித்தானியர் காலத்தில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஓர் அதிகாரி மட்டும் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டுத் தள்ளினார். 1845ல் இடி விழுந்து செத்தார். மலைநாட்டுக் காடு கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போன துரைமார்தான் வெட்டுவித்தார்கள். ஆனால் வெட்டு எங்கிருந்து தொடங்கியது என்று தேடினால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் போய் முட்டுவோம். உறுதி காட்டமுடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி, தோட்டக்காரருக்கு மலிவு விலையில் விற்க வழி செய்த சட்டம் அது. அதிலே ஆதியாகமம் இல்லை, இலண்டன் கோப்பி விலை இருந்தது. வேதத்தை அவர்கள் மீறினார்கள் என்று வாதிட நான் வரவில்லை. அநேகமாக அவர்கள் அதை நினைக்கவேயில்லை. திருச்சபையும் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை, அது அதன் வெட்கம். 2015 ஜனவரியில் இலங்கைக்கு வந்துபோன பாப்பரசர் பிரான்சிஸ், அதே ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், ஆளுகை வாக்கியத்தை வரம்பற்ற ஆதிக்கமாக வாசிப்பது பிழை என்று வெளிப்படையாகவே எழுதினார். மிகவும் பிந்தி வந்த திருத்தம். ஆனால் திருத்தியது வாசிப்பைத்தான். சங்கீதமும் யோபுவும் அதற்கு முன்பும் அங்கேயே இருந்தன.

அடுத்து அந்த வால். பட்டினப்பாலை கரிகாலனைப் புகழும்போது, காட்டை அழித்து ஊராக்கியதையும் குளம் தோண்டியதையும் அவன் பெருமைகளாகவே அடுக்குகிறது. காண்டவ வனத்தை அதிலிருந்த உயிர்களோடு எரித்தவர்கள் கண்ணனும் அர்ச்சுனனும். எரித்த இடத்தின் பக்கத்தில் எழுந்தது இந்திரப்பிரஸ்தத்தின் மாளிகை. மனிதனுக்கு உதவாமல் ஒரு துளி மழைநீரும் கடலுக்குப் போகக்கூடாது என்று ஆணையிட்டதாகப் பராக்கிரமபாகு மன்னனை நம் பாடப்புத்தகங்கள் போற்றுகின்றன. மனிதனை நடுவில் வைக்கும் வாக்கியம் இதைவிட வெளிப்படையாக வேறெங்கே இருக்கிறது? அவன் கட்டிய குளங்களை நான் மதிக்கிறேன். அந்தக் குளத்து நீரில் யானையும் குடிக்கிறது. அவன் பைபிளை வாசித்தவன் அல்லன் என்பதுதான் நான் சொல்லவருவது. தம்புள்ளையைச் சுற்றியுள்ள காட்டைத் தொன்றுதொட்ட காடு என்று சுற்றுலாக்காரருக்குச் சொல்கிறோம். அதில் பெரும்பகுதி பழைய அரசுகளின் ஊரும் வயலும் கைவிடப்பட்ட பிறகு மூடி வளர்ந்தது, பிறகு சேனைக்கு எரிந்து எரிந்து மீண்டும் துளிர்த்தது. 1977க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம் வரண்ட வலயத்தில் வெட்டிய காட்டுக்கு எந்த மிஷனரியும் பொறுப்பில்லை. இதே மண்ணில் கண்டலம விடுதி கட்டப்பட்டபோது, குளமும் சூழலும் கெடும் என்று பிக்குகளும் ஊராரும் எதிர்த்து நின்றதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லா மதத்திலும் கோடரியும் உண்டு, கோடரிக் கையைப் பிடிப்பவரும் உண்டு.

பைபிளுக்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பே இந்தத் தீவில் மனிதன் வேட்டைக்காரன். புலத்சிங்களவுக்கு அருகே பாஹியன் குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2019ல் வந்த முடிவின்படி, ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் குரங்கையும் மரஅணிலையுமே முக்கியமாக வேட்டையாடித் தின்றார்கள். குரங்கின் எலும்பைத் தீட்டி ஊசிமுனை செய்தார்கள். தாமரையைப் பறிக்கும் அந்தக் குரங்கின் முப்பாட்டனும் அதில் இருந்திருக்கும்.

இனி விஞ்ஞானம் இறக்கிவைத்த கதை. கொப்பர்னிக்கஸ் பூமியை நடுவிலிருந்து தள்ளினார், டார்வின் மனிதனை விலங்கோடு சேர்த்தார் என்று படிப்படியாக இறங்கும் அந்தக் கதையை ஊரறியச் செய்தவர் பிராய்ட். மனிதனின் தன்மோகத்துக்கு விழுந்த மூன்று அடிகள் என்று 1917ல் எழுதினார். மூன்றாவது அடியைத் தம்முடைய உளப்பகுப்பாய்வுக்கு ஒதுக்கிக்கொண்டார். தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ள ஒருவர் தயாரித்த பட்டியலை நூறு வருடமாக வரலாறு என்று படிப்பித்துக்கொண்டிருக்கிறோம். மத்தியகால ஐரோப்பியருக்கு அண்டத்தின் நடு என்பது சிங்காசனம் அல்ல. எல்லா அழுக்கும் வந்து படியும் அடிமட்டம் அது. தாந்தே நரகத்தைக் குடைந்து கொண்டுபோனது பூமியின் மையத்துக்குத்தான். அதே நேரத்தில், பாவத்தால் இழந்த ஆளுகையைக் கல்வியாலும் சோதனையாலும் மீட்போம் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் விஞ்ஞானத்துக்கு வேலை கொடுத்தார். அரியணைக்கு மரம் அறுத்தவர்களில் விஞ்ஞானமும் ஒருவர்.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டார்வினை ஜெர்மனியில் பரப்பிய ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881ல் இலங்கைக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்துச் சுவிற்சர்லாந்தின் பாசலிலிருந்து போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற உறவுக்காரர் இருவர் வந்தார்கள். கிழக்குக் காடுகளில் வேடரைத் தேடிப் போனார்கள். முகத்தைப் படம் பிடித்தார்கள், உடலை அளந்தார்கள், எலும்பையும் மண்டையோட்டையும் சேகரித்துக் கொண்டுபோனார்கள். ஊருக்குத் திரும்பி எழுதிய பெரிய நூலில் வேடரை மனித இனங்களுள் சிம்பன்சிக்கு மிக அருகான படியில் வைத்தார்கள். குரங்கோடு உறவு என்றால் எல்லா மனிதரும் ஒன்றுபோல் இறங்கியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. வேடர் இறங்கினார்கள், அளவுகோலைப் பிடித்தவர் பாசலில் தம் கதிரையில் அப்படியே இருந்தார். 1907ல் அவர்களே மீண்டும் வந்து குகைகளைத் தோண்டிக் கற்கருவிகளை எடுத்து, நம் தொல்லியலுக்கு அடிபோட்டார்கள் என்பதும் உண்மை, அந்த உழைப்பு பெரிது. ஆனாலும் அந்த ஏணியை நிறுத்தியது வேதம் அல்ல, அன்றைய விஞ்ஞானம். பின்வந்த விஞ்ஞானமே அதைச் சாய்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கூர்ப்பு என்பது கிளை பிரியும் மரம், அதில் மேல்படி கீழ்படி கிடையாது. டார்வின் சொன்னது சரி. அதிலிருந்து பணிவு தானாகப் பிறக்கும் என்பதுதான் சரியில்லை.

வேதமும் விஞ்ஞானமும் ஜென்மப் பகை என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்க வேண்டும். 1823ல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினறியில் வானசாஸ்திரம் முக்கிய பாடம். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்தின் கணக்கில் அராலிப் பஞ்சாங்கக்காரரான விசுவநாத சாஸ்திரியோடு செமினறி அதிபர் டானியல் பூர் மோதினார். தன் கணக்குத்தான் சரி என்று காட்டி, அதையே கிறிஸ்தவத்துக்குச் சான்றாக வைத்தார். பின்னால் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் படிப்பித்தார், நூலாக்கினார். இங்கே விஞ்ஞானம் வேதத்தின் ஏவல்காரனாக வந்திறங்கியது. அந்தத் திமிரை நாவலர் தலைமுறை எதிர்த்தது நியாயமே. பகை என்ற கதையோ, 1874ல் அமெரிக்காவில் ஜோன் வில்லியம் டிரேப்பர் எழுதிய நூலிலிருந்து பரவிய சரக்கு.

இப்போது நம் ஆலயங்களில் சில இளம் போதகர்கள், பூமிக்கு வயது ஆறாயிரம், மறுப்பவன் விசுவாசி அல்ல என்கிறார்கள். பழைய மார்க்கம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் விற்பது மிகப் புதிய பண்டம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகுஸ்தீன், வானத்தையும் பூமியையும் பற்றி வேதத்தின் பெயரால் தப்புத்தப்பாகப் பேசி, விடயம் தெரிந்த பிற மதத்தார் முன்னால் விசுவாசிகள் நகைப்புக்கிடமாகக் கூடாது என்று கண்டித்தார். படைப்பின் நாட்களைச் சூரிய நாட்களாக அவர் கொள்ளவில்லை. 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் வெளிவந்த, அடிப்படைவாதத்துக்கே பெயர் கொடுத்த கட்டுரைத் தொகுதிகளில்கூடப் பூமி மிகப் பழையது என்று ஒப்புக்கொண்ட எழுத்தாளர்கள் இருந்தார்கள். ஆறாயிரம் வருடத்தையும் ஒரே வெள்ளத்தில் பாறை எல்லாம் படிந்ததையும் பிடிவாதமாகப் பரப்பியவை, 1923ல் ஜோர்ஜ் மெக்கிரெடி பிரைஸ் எழுதிய நூலும் 1961ல் விட்கோம்ப், மொரிஸ் இருவரும் எழுதிய நூலும். தம்புள்ளைப் பாறை அந்தக் கணக்குக்கு எங்கும் இடம் கொடுக்காது. விரிந்துவரும் அண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று கணக்கிட்ட ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது மனம் சங்கடப்பட்டவரும் அவரே. தம் சமன்பாட்டுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அவர் விரும்பவில்லை.

ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, மனிதனும் இன்னொரு விலங்குதான், அவனுக்குத் தனி இடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து கண்டலம போகும் வீதியில் போப்பம் மரவனம் இருக்கிறது. அங்கே இருட்டிய பிறகு சிவப்பு வெளிச்சம் பிடித்துத் தேவாங்கு காட்டுவார்கள். முதலில் தெரிவது இரண்டு கண்கள். பிறகு கொப்பைப் பற்றியிருக்கும் கை. கட்டைவிரல் எதிர்ப்புறம் மடங்கும், விரல் நுனியில் நம்மைப் போலவே தட்டை நகம். பின்காலில் ஒரேயொரு விரலில் மட்டும் மயிர் கோதக் கூர்நகம். அந்தக் கையைப் பார்த்த பிறகு உறவை மறுப்பது கடினம். ஆனால் அந்தக் கண்ணைப் பிடுங்கி வசிய மருந்து செய்ததும் உறவுக்காரன்தான். தேவாங்கு எந்நாளும் அதைச் செய்யாது. செய்தாலும் அதைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது.

2025 பெப்ரவரி 20 அதிகாலை ஹபரணைக்கு அருகே கல்ஓயாவில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. மனிதன் வெறும் விலங்கு என்றால் அந்த ரயிலும் ஒரு விலங்கின் ஓட்டம், பூசணிக்காய்க்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வெடியும் ஒரு விலங்கின் கொம்பு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் சொல்கிறோமே. அந்த நேரத்தில் மனிதனுக்கு ஒரு தனி இடத்தை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறோம்: அவன் ஒருவன்தான் பதில் சொல்லவேண்டியவன். ஆதியாகமத்தின் தோட்டத்தில் அழைத்துக் கேட்கப்பட்டதும் அவன்தான். கூர்ப்புக் கொள்கை அவன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்கிறது, அதைத் திருத்தமாகச் சொல்கிறது. ஏன் பதில் சொல்லவேண்டும் என்பது அதன் பாடத்திட்டத்தில் இல்லை. அது குறையுமல்ல.

பதில் சொல்வது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கும் தம்புள்ளையிலேயே சான்று உண்டு. அந்த மரவனத்தை 1963ல் தொடங்கியவர் சாம் போப்பம் என்ற ஆங்கிலத் தேயிலைத்துரை. சேனைக்கு எரிந்து முட்புதர் மண்டிய நிலம். காடு வளர்க்க முதலில் மரக்கன்று நட்டார். நட்டவை தளர்ந்தன, தாமாக முளைத்தவை தழைத்தன. நடுவதை விட்டார். புதரை மட்டும் வெட்டி, முளைத்துவரும் நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் விட்டார். முதிரையும் பாலையும் வீரையும் வளரும் வரண்ட வலயக் காட்டை அப்படித்தான் மீட்கமுடியும் என்று காட்டினார். கை ஓங்கவும் இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும் இல்லை. இயற்கையை மனிதன் தொடவே கூடாது என்பவர்களும் அந்த நிழலில்தான் இன்று நடக்கிறார்கள்.

இன்னொன்று வேலி. தீவின் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பில் யானை நடமாடுகிறது; அந்தப் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் கணக்கிட்டார்கள். யானையைச் சரணாலயத்துக்குள் துரத்தி அடைக்கும் பழைய வேலை ஏன் தோற்றது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது. அவர்கள் சொல்வது இதுதான்: மின்வேலியை யானையைச் சுற்றிப் போடாதே, ஊரைச் சுற்றிப் போடு, வயலுக்குப் போடும் வேலியை அறுவடை முடிந்ததும் கழற்று, வெறும் வயலில் யானை மேயட்டும். சங்கீதக்காரன் இரவையும் பகலையும் பங்கிட்டான், இவர்கள் போகத்தைப் பங்கிடுகிறார்கள். 2020ல் இது தேசியச் செயற்றிட்டமாகவும் எழுதப்பட்டது. அதற்குப் பிறகும் 2023ல் ஒரே வருடத்தில் 400க்கு மேல் யானைகளும் 150க்கு மேல் மனிதரும் செத்தார்கள்.

ஊர்வேலிக்குச் சம்மதிக்கும் கமக்காரன் தன்னையும் தன் பிள்ளைகளையும் கம்பிக்குள் அடைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறான். கடனுக்கு விதை வாங்கிப் போட்டவன். அரியணையை விட்டு இறங்கு என்று அவனுக்கு உபதேசம் செய்கிறவரோ, அவனுடைய பூசணியைக் கொழும்பில் கிலோக் கணக்கில் வாங்குகிறவர். கமக்காரர் சங்கக் கூட்டத்தில் டார்வினும் வரமாட்டார், மோசேயும் வரமாட்டார். கம்பியில் படரும் கொடியை வாரா வாரம் யார் வெட்டுவது, வேலியின் பற்றரி பழுதானால் மாற்றும் காசு யாருடையது, மழைக்காலத்தில் இரவுக் காவலுக்கு யார் முறை என்றுதான் அங்கே வாக்குவாதம் நடக்கும். வேதத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களும் விஞ்ஞானத்தை ஏற்றியவர்களும் பற்றரிக் காசில் ஒரு பங்கைப் பொறுப்பெடுத்தால், கூண்டைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.